முள்ளுக்குறிச்சி நிச்சயத்துக்கு நான் தூக்கிக் கொடுத்த மூட்டை

மலைக்கு நடக்கப் போகிறவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. ஏறும்போது மூச்சு வராது. இறங்கி வரும்போது உபதேசம் நிற்காது. எனக்கு முதல் தடவை போனபோதே இந்த வியாதி முற்றிய நிலையில் வந்தது.

தொண்ணூற்றொன்பதில் நான் ராசிபுரத்தில் ஒரு எஸ்.டி.டி. பூத்தில் வேலை பார்த்தேன். ஊரார் கண்ணாடிக் கூண்டுக்குள் நின்று அழுவதையும் சிரிப்பதையும் சண்டை போடுவதையும் வெளியே நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பதுதான் வேலை. நானாகப் பேசிய ஒரே வசனம், "பில்லு வந்துருச்சுங்க." நாலு பேர் சேர்ந்து நின்றால் அந்தப் பக்கம் போகமாட்டேன். பந்தியில் ரசம் கேட்கக் கூச்சப்பட்டு, வெறும் சோற்றை விழுங்கிவிட்டு எழுந்து வந்தவள் நான். (பரிமாறியவர் என் சொந்தச் சித்தப்பா.)

எங்கள் பூத்துக்கு எதிரே மருந்துக்கடை வைத்திருந்த ரமணி அக்கா, மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பெண்களாகச் சேர்த்துக்கொண்டு கொல்லிமலைக்கு நடக்கப் போவார். "வாரம் பூரா அந்த நாற்காலியிலயே உக்காந்திருந்தா நாற்காலியாவே ஆயிருவ. வர்ற ஞாயித்துக்கெழம எங்க கூட வா" என்றார். மாட்டேன் என்று சொல்லவும் எனக்குக் கூச்சமாக இருந்ததால் சரி என்றேன்.

அம்மாவுக்கு விஷயம் விளங்கவேயில்லை. "மலையப் பாக்கோணும்னா வாசல்ல நின்னாலே தெரியுது. அது மேல போயி என்ன பண்ணப்போற?"

ரமணி அக்காவின் கூட்டத்துக்கு விதிகள் இருந்தன. காட்டுக்காரர்களிடம் கேட்காமல் வரப்பில் கால் வைக்கக் கூடாது. ஒரு பழம், ஒரு பூ பறிக்கக் கூடாது. கொண்டுபோனதையெல்லாம் திரும்பக் கொண்டுவர வேண்டும். அடுத்தவர் போட்டுவிட்டுப் போன குப்பையும் கண்ணில் பட்டால் அதையும் கொண்டுவர வேண்டும். கொண்டை ஊசி வளைவுகளில் பஸ் திரும்பத் திரும்ப, என் காலை இட்லி ஜன்னல் வழியாக என்னை விட்டுப் பிரிந்தது. கொண்டுபோனதைத் திரும்பக் கொண்டுவரும் விதியை எனக்காக அந்த ஒரு விஷயத்தில் மட்டும் தளர்த்தினார்கள்.

தம்பியின் பழைய பேண்ட், அதன் மேல் சுடிதார் டாப், அப்பா திருவிழாவில் வாங்கிய பெரிய ஓலைத் தொப்பி. இதுதான் என் மலையேற்ற உடை. மலை மேலே வாழவந்தி நாடு என்ற பகுதியில் மரவள்ளிக் காடுகளுக்கு நடுவே நடந்தோம். மிளகுக்கொடி ஏறிய மரங்களின் கீழே உட்கார்ந்து கட்டுச்சோறு தின்றோம். ஓடையைத் தாண்டும்போது நான் மட்டும் சேற்றில் இடுப்பளவு உட்கார்ந்தேன். எல்லோரும் சிரித்தார்கள். என்ன ஆச்சரியம், நானும் சிரித்தேன். அதற்கு முன் யாராவது என்னைப் பார்த்துச் சிரித்தால் ஒரு வாரத்துக்கு அந்தத் தெருவில் நடக்க மாட்டேன்.

ஓடைக்கரைப் பாறைகளுக்கு இடையில்தான் அன்றைய அறுவடை. யார் யாரோ வந்து குடித்துவிட்டு வீசிப் போன பிராந்திப் பாட்டில்கள், பாக்குப் பொட்டலங்கள், ஒற்றைச் செருப்பு, இன்னும் சொல்லக் கூடாத சில. பூத்தில் குனிந்தே இருந்து பழகிய கண் என்பதால் எனக்குத்தான் அதிகம் அகப்பட்டது. "முதல் தடவையே இத்தனையா? மூட்டை உன் பொறுப்பு" என்று யூரியா சாக்கை என் தோளில் ஏற்றினார் ரமணி அக்கா. அந்தச் சாக்கோடு நான் பஸ் ஏறிய தோரணையைப் பார்த்தவர்கள், மலையையே கழுவி மடித்து உள்ளே வைத்திருக்கிறேன் என்று நினைத்திருப்பார்கள்.

கீழே இறங்கும் பஸ்ஸில் பக்கத்துச் சீட்டில் பாவாயி என்றொரு அக்கா. நாமகிரிப்பேட்டைப் பக்கம். அவரிடமும் ஒரு யூரியா சாக்கு. இரண்டு மூட்டைகளையும் கடைசி சீட்டுக்குப் பின்னால் போட்டிருந்தோம். கேட்காமலே கதையைச் சொன்னார்.

"என்ர தம்பிக்கு இன்னிக்குச் சாயங்காலம் முள்ளுக்குறிச்சில நிச்சயம் அம்மிணி. பொண்ணூட்டுக்குக் கொண்டுபோறதுக்கு மலவாழையும் பலாவும் மொளகும் தேனும் நல்லதா வேணும்னு நானே வந்து வாங்கிட்டுப் போறேன். லாரி ஓட்டறவன்னாலே குடிப்பான்னு ஊரே முடிவு பண்ணிப்போடுது. அதுலயே ரெண்டு சம்மந்தம் தவறிப்போச்சு. அவன் டீ கூடத் தொடமாட்டான் சாமி. இந்தப் பொண்ணோட அப்பா ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டாரு. ஒரு சொட்டுன்னு தெரிஞ்சாலும் பொண்ணு இல்லையாம்."

நான் பதிலுக்கு ஆறுதலாக நாலு வார்த்தை சொல்லியிருக்கலாம். அதற்குப் பதில் மலையைச் சுத்தமாக வைத்துக்கொள்வது எப்படி என்று அவருக்கு ஒரு பிரசங்கம் செய்தேன். நாலு மணி நேரத்துக்கு முன்னால் கற்றுக்கொண்டதை நாற்பது வருஷ அனுபவம் போலச் சொன்னேன். பாவம், சீட்டு ஜன்னலோரம். அவரால் எழுந்து போக முடியவில்லை.

ராசிபுரம் பஸ் ஸ்டாண்டில் அவர் வீட்டு ஆட்கள் வேனோடு காத்திருந்தார்கள். "நேரமாச்சு, நேரமாச்சு" என்று குரல். பாவாயி அக்கா பூக்கூடையோடு முன்படியில் இறங்கி ஓடினார். பின்படியில் மாப்பிள்ளை செந்திலே வெள்ளை வேட்டியில் வந்து நின்று, "அக்காளோட மூட்டைங்க" என்றார். சேவை மனப்பான்மை அன்று என்னிடம் பொங்கி வழிந்துகொண்டிருந்தது. "இருங்க, வேட்டில அழுக்காயிரும்" என்று நானே தூக்கி அவர் கையில் கொடுத்தேன். உள்ளே கிணுங்கென்று சத்தம் கேட்டது.

"தேன் பாட்டிலாட்டம் இருக்குதுங்க" என்றார் அவர்.

"பத்தரமா கொண்டுபோங்க, ஒடஞ்சிரப்போவுது" என்றேன் நான்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் பழைய இரும்புக் கடை. பாட்டில்களை அங்கே போட்டுவிட்டு மற்றதைக் குப்பைத் தொட்டியில் சேர்ப்பது வழக்கம். ரமணி அக்கா மூட்டையை அவிழ்த்தார். மேலே ஒரு சீப்பு மலைவாழைப்பழம். அதன் கீழே ஒரு சின்னப் பலாப்பழம். துணிமுடிச்சில் மிளகு. துணி சுற்றிய தேன் பாட்டில்.

"நீ ரொம்ப நல்ல குப்பையாப் பாத்துப் பொறுக்கியிருக்கற" என்றார் ரமணி அக்கா.

எனக்குக் கால் இரண்டும் சேற்றில் இறங்குவது போல இருந்தது. இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. அந்த மூட்டையில் என்ன இருக்கிறது, அது எந்த வீட்டு நடுக்கூடத்துக்குப் போகிறது என்று நான் சொல்லி முடிப்பதற்குள் ரமணி அக்கா மொபெட்டை எடுத்துவிட்டார். சாக்கு அவர் காலடியில். பலாப்பழம் மட்டும் இடமில்லாமல் என் மடியில். வழியில் இருந்த ஒவ்வொரு வேகத்தடையும் அந்தப் பலாவின் ஒவ்வொரு முள்ளையும் எனக்கு அறிமுகம் செய்துவைத்தது. நான் வலியைக் கவனிக்காமல், அங்கே போய்ச் சொல்ல வேண்டியதை மனப்பாடம் செய்துகொண்டே வந்தேன். "ஐயா, மன்னிக்கணுங்க. பஸ்ஸுல மூட்டை மாறிப்போச்சுங்க. நாங்க மலைல பொறுக்குன பாட்டிலுங்க. அந்தப் பாட்டிலெல்லாம் என்னுதுங்க." நல்ல பேச்சு. பொருத்தமான பேச்சு.

முள்ளுக்குறிச்சியில் வீட்டைக் கண்டுபிடிப்பது சிரமமாக இல்லை. சாமியானா போட்டிருந்தது. உள்ளே அத்தனை பேர் இருந்தும் சத்தமே இல்லை. ரமணி அக்கா மொபெட்டுக்கு ஸ்டாண்டு போட்டுக்கொண்டிருக்க, நான் பலாவை இடுப்பில் வைத்துக்கொண்டு ஓடினேன்.

கொஞ்சம் தாமதமாகிவிட்டது. ஜமுக்காளத்தில் வெற்றிலைத் தட்டு, பூத்தட்டு, சேலைத்தட்டு. அவற்றுக்கு நடுவே அவிழ்ந்த சாக்கு. பிராந்திப் பாட்டில்கள் உருண்டு போய் ஆளுக்கொரு தட்டில் சாய்ந்து கிடந்தன. தேங்காய்க்குப் பக்கத்தில் ஒற்றைச் செருப்பு. அதற்கும் பக்கத்தில், யாரோ குளித்துவிட்டுப் பாறையில் மறந்து போன ஒரு கோடு போட்ட ஜட்டி. பாவாயி அக்கா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்தியிருந்தார். செந்தில் அவிழ்ந்த சாக்கின் வாயை இன்னும் பிடித்தபடி நின்றார்.

"இதான் உங்கூட்டுச் சீருங்களா?" என்று பெண்ணின் அப்பா கேட்டுக்கொண்டிருந்தார். சத்தம் போட்டுக் கேட்டிருந்தால்கூட எனக்குப் பயமாக இருந்திருக்காது.

எல்லாத் தலைகளும் என் பக்கம் திரும்பின. சேறு படிந்த பேண்ட், ஓலைத் தொப்பி, இடுப்பில் பலா. மனப்பாடம் செய்த பேச்சு எங்கேயோ பறந்துபோய் அதன் வால் மட்டும் வாயில் நின்றது.

"அந்தப் பாட்டிலெல்லாம் என்னுதுங்க."

அவர் என்னைத் தொப்பியிலிருந்து கால்வரை பார்த்தார். "எல்லாமுமா?"

"இல்லீங்க. எங்கூட வந்த அக்காமாருதும் இருக்குதுங்க."

"எங்க வச்சு?"

"மேலீங்க. ஓடைக்கரையில."

"எத்தன நாளா இந்தப் பழக்கம்?"

"நான் இன்னிக்குத்தான் மொதத் தடவைங்க. அவியெல்லாம் மாசாமாசம் போறாங்க."

ஓர் அம்மாள் தன் குழந்தையை மடிக்கு இழுத்துக்கொண்டார். பெண்ணின் அப்பாவுக்குக் கோபம் போய் முகத்தில் நிஜமான இரக்கம் வந்தது. "கண்ணு, அப்பனாத்தா இருக்கறாங்களா?"

"இருக்கறாங்க. சொல்லிட்டுத்தான் வந்தேனுங்க."

கூட்டத்துக்குள்ளிருந்து ஒரு பெரியம்மா, "அந்த ஜட்டி?" என்றார்.

"அது யாருதுன்னு தெரியலீங்க" என்றேன். (ஒரு கேள்விக்காவது சந்தேகம் வராதபடி தெளிவாகப் பதில் சொன்ன திருப்தி எனக்கு.)

அதற்குள் ரமணி அக்கா சாக்கோடு வந்து, எங்கள் கூட்டம், விதிகள், குப்பை என்று முழுதாக விளக்கினார். பெண்ணின் அப்பா பொறுமையாகக் கேட்டார்.

"அப்ப, எவனோ குடிச்சுட்டுப் போட்ட பாட்டில, உங்க காசுல பஸ் ஏறிப் போயிப் பொறுக்கிட்டு வர்றீங்க."

"ஆமாங்க."

"அதுக்கு யாரு சம்பளம் தர்றாங்க?"

"யாரும் தர்றதில்லீங்க."

அவர் சபையைப் பார்த்தார். "அந்தப் புள்ள குடிச்சேன்னு சொன்னதையாவது நம்பலாம்."

"மாப்பிள்ளைக்குப் பரிஞ்சு பேச ஆள் செட் பண்ணிக் கூட்டிட்டு வந்திருக்காங்க" என்று பின்னாலிருந்து ஒரு குரல். பாவாயி அக்கா தட்டுகளை எடுத்து அடுக்கத் தொடங்கினார். அதைப் பார்த்ததும் எனக்கு என்னவோ ஆகிவிட்டது. பலாவைத் தரையில் வைத்தேன். ரமணி அக்கா கையிலிருந்த சாக்கைப் பிடுங்கி ஜமுக்காளத்தில் கொட்டினேன்.

"இதுதான் பாவாயி அக்கா வாங்குன சீருங்க. தொட்டுப் பாருங்க. பஸ்ஸுல ரெண்டு சாக்கும் பக்கத்துல பக்கத்துல கெடந்துச்சு. இவரு கைல மாத்திக் கொடுத்தவ நானுங்க. இவரு தேன் பாட்டில்னு நெனச்சாரு. நானும் பத்தரமா கொண்டுபோங்கன்னு சொன்னேன். தப்பு பூரா என்ர மேல. இவரப் பிடிக்கலைன்னா வேற காரணம் சொல்லுங்க. இதச் சொல்லாதீங்க."

அந்தச் சபையில் என் குரல் கேட்டதைவிட, அது என் குரல் என்பதுதான் எனக்கு அதிர்ச்சியாக இருந்தது. முன்வரிசையில் புது வேட்டியில் உட்கார்ந்திருந்த பெண்ணின் தாய்மாமன் ஒரு பாட்டிலை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

"மச்சான், அம்மிணி சொல்றது நெசந்தான். இந்த மூடி போட்டது கீழ எங்கயும் வராது. மேல மட்டுந்தான் கெடைக்கும். நம்ம பக்கம் வர்றதுக்கு மூடி செவப்பா இருக்கும், இதவிடக் கொஞ்சம் காரமாவும்…"

நிறுத்திக்கொண்டார். கொஞ்சம் தாமதம்தான்.

"காரமாவும்?" என்றார் பக்கத்தில் இருந்த அவர் மனைவி.

சபை மொத்தமும் மாப்பிள்ளையை விட்டுவிட்டுத் தாய்மாமனைப் பார்த்தது. முதலில் சிரித்தது உள்ளறையில் இருந்த கல்யாணப் பெண்தான். அடக்கப் பார்த்து முடியாமல் பீறிட்ட சிரிப்பு. பிறகு ஒவ்வொருவராகத் தொற்றிக்கொண்டார்கள். கடைசியாக அவள் அப்பா. அவர் சிரித்தபடியே உட்கார்ந்து, "அந்தப் பாட்டில எடுத்து ஓரமா வையுங்கப்பா, நல்ல நேரம் போவுது" என்றார். தட்டு மாற்றினார்கள். நானும் ரமணி அக்காவும் பாட்டில்களைத் திரும்பச் சாக்கில் கட்டினோம். கட்ட உதவியவர் செந்தில். வேட்டி அழுக்காகிவிட்டது.

அடுத்த மாத நடைக்குப் பஸ் ஸ்டாண்டில் ஒரு புது முகம் நின்றது. தாய்மாமன். "ஊட்டுல அனுப்பிச்சாங்க" என்றார் சுருக்கமாக. அதன் பிறகு மாதாமாதம் வந்தார். பெண்கள் மட்டும் என்றிருந்த விதி அவருக்காகத் தளர்ந்தது. பாட்டில் பொறுக்குவதில் என்னையே மிஞ்சிவிட்டார். எந்தப் பாறைக்குப் பின்னால் கிடக்கும் என்று அவருக்குத் தேடாமலே தெரிந்தது. கல்யாணம் முடிந்து செந்திலும் அவர் மனைவியும் வந்தார்கள், பாவாயி அக்கா வந்தார், ஒரு தடவை என் அம்மாகூட வந்து, வாசலில் நின்று பார்ப்பதைவிட இது பரவாயில்லை என்று ஒத்துக்கொண்டார். பூத்தை மூடிய பிறகும் நான் மலைக்குப் போவதை நிறுத்தவில்லை. பேசுவதையும்தான்.

எனக்கு வரன் பார்த்துக் கொடுத்ததும் பாவாயி அக்காதான். அவருடைய கொழுந்தனார் மகன். பெண் பார்க்க வருவதற்கு முன்னால் முழுக்கதையையும் அவர்களுக்குச் சொல்லிவிட்டதாகச் சொன்னார். சொன்னார்தான். ஆனால் என் மாமியாருக்கு அப்போது ஒரு காது கொஞ்சம் மந்தம். கதையில் பாதிதான் போய்ச் சேர்ந்திருக்கிறது. அது எந்தப் பாதி என்பது கல்யாணமாகிப் பல வருஷம் கழித்துத்தான் எனக்குத் தெரியவந்தது. வீட்டில் எல்லோருக்கும் முன்பே தெரியும். ஒருவரும் திருத்தவில்லை, இன்றுவரை திருத்த விடுவதுமில்லை. புதிதாக யார் வீட்டுக்கு வந்தாலும் என் கணவர் மெல்ல அவர் அம்மா பக்கம் பேச்சைத் திருப்பிவிடுவார். மாமியார் என் தலையை வாஞ்சையாகத் தடவிக்கொண்டே வந்தவர்களிடம் சொல்வார்:

"கல்யாணத்துக்கு முந்திக் கொஞ்சம் பழக்கம் இருந்துச்சுங்க. நம்மூட்டுக்கு வந்ததுக்குப் பொறவு சுத்தமா உட்டுட்டா."