லைசோசோமின் பணி யாது?

ஒரு காட்டில், சிங்கத்தின் குகை வாசலில் தொடங்கிய மனுதாரர் வரிசை ஆற்றங்கரை வரை நீண்டுவிட்ட காலத்தில், கூர்முள்ளார் என்னும் முள்ளம்பன்றி வாழ்ந்து வந்தார். வனப்பள்ளியில் உயிரியல் ஆசிரியராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவர். விலங்குச் செல்லின் அமைப்பையும் பணிகளையும் அவரிடம் பயிலாத விலங்கு அக்காட்டில் இல்லை. புரிந்துகொண்ட விலங்கும் இல்லை. நூலில் உள்ள சொற்கள் விடையில் இருந்தால் மதிப்பெண் உண்டு. புரிதலுக்கென்று அவர் தனியே மதிப்பெண் ஒதுக்கியதில்லை.

ஓய்வுக்குப் பின் அவருக்கு ஒரே மனக்குறைதான். தாம் நடத்திய பாடத்தை எவரேனும் ஒருவர் எங்கேனும் ஓரிடத்தில் பயன்படுத்திவிட்டால், தாம் வாழ்ந்ததற்கு ஒரு பொருள் இருக்கும் என்று எண்ணி ஏங்கினார்.

அந்த ஏக்கம் தீரும் நாள் வந்தது. சிங்கத்தின் செயலாளரான நரி அவருடைய வளைக்குள் தலையை நீட்டியது.

"ஐயா, ராஜா கூப்பிடுறார். ரொம்ப நொந்துபோயிருக்கார். வரிசையில நிக்கிற மானைப் பார்த்தாக்கூட அவருக்குப் பசிக்கலையாம்."

குகையில் சிங்கம் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அதன் கைப்பேசி இடைவிடாமல் அலறிக்கொண்டிருந்தது.

"வாத்தியாரே, ஒரு குருவி கூடு கட்டணும்னாலும் என் கையெழுத்து கேக்குது. டோக்கன் மெஷின் வாங்கி வெச்சேன். குரங்கு அதைப் பிரிச்சு வெளையாடுது. நான் தூங்கணும். வழி சொல்லும்."

கூர்முள்ளார் கரித்துண்டை எடுத்துப் பாறையில் பெரிய வட்டம் ஒன்று வரைந்தார். உள்ளே சிறிய உறுப்புகளை வரைந்தார். பெயர்களைச் சுட்டும் கோடுகள் ஒன்றையொன்று வெட்டவில்லை என்பதைச் சரிபார்த்த பின்னரே வாய் திறந்தார்.

"அரசே, இது விலங்குச் செல். கண்ணுக்குத் தெரியாத இச்சிற்றறையில் ஆயிரம் பணிகள் நடைபெறுகின்றன. வரிசை மட்டும் கிடையாது. நம் காட்டை இப்படியே அமைத்துவிடுவோம்."

"இதுல நான் எங்க?"

"நடுவில். தாங்கள் உட்கரு. செல்லுக்கு வேண்டிய கட்டளைகள் யாவும் தங்களிடம் பாதுகாப்பாக இருக்கும். அவற்றின் நகல் மட்டுமே வெளியே செல்லும். தாங்கள் வெளியே வரலாகாது."

"வெளியவே வர வேணாமா?"

"வந்தால் படம் பிழையாகிவிடும்."

சிங்கம் அக்கணமே ஒப்புதல் அளித்தது. கைப்பேசியை நரியிடம் எறிந்துவிட்டுக் குப்புறப் படுத்துக்கொண்டது.

மறுநாள் முதல் காடு செல்லாக மாறத் தொடங்கியது. குரங்குகள் எல்லையெங்கும் கைகோத்து நின்று செல் சவ்வாயின. வேண்டியவற்றை உள்ளே விட்டன, வேண்டாதவற்றைத் தடுத்தன. உட்கருவிலிருந்து வரும் நகலைப் பார்த்துத் தூக்கணாங்குருவிகள் பொருள்களைச் செய்தன, அவை ரைபோசோம்கள். செய்த பொருள்களை மான்கள் வளைந்து நெளிந்த பாதைகளில் சுமந்து சென்றன. அது எண்டோபிளாச வலை. கரடி அவற்றைப் பொதி கட்டி, முகவரி எழுதி, உரிய இடத்திற்கு அனுப்பியது. அதற்குக் கோல்கை உறுப்பு என்று பெயர். காட்டெருமைகள் ஒரு கொட்டகைக்குள் செக்கு இழுத்து அனைவருடைய கைப்பேசிகளுக்கும் மின்னேற்றம் செய்தன. அக்கொட்டகை மைட்டோகாண்ட்ரியா. அதன் உட்சுவர் நேராக இருப்பதைக் கண்ட கூர்முள்ளார், "மடிப்பு எங்கே? உட்சவ்வு மடிந்திருந்தால்தானே பணிசெய்யும் பரப்பு மிகும்?" என்று கேட்டு, முழுவதையும் பிரித்து மீண்டும் கட்டச் செய்தார். அன்றிலிருந்து எருமைகள் திரும்பும்போதெல்லாம் மூக்கை இடித்துக்கொண்டன.

இறுதியில் கழுதைப்புலி வந்து நின்றது. வகுப்பில் கடைசி வரிசையில் அமர்ந்து, எதற்கும் தலையாட்டும் மாணவன் அது.

"எனக்கு என்னங்கய்யா வேலை?"

"நீ லைசோசோம். அதன் பணி நினைவிருக்கிறதா?"

"மறக்குமாங்கய்யா!" என்று அது வழக்கம்போல் தலையாட்டியது.

எல்லாம் நன்றாகவே நடந்தது. வரிசை மறைந்தது. சிங்கம் உறங்கியது. கூர்முள்ளார் தினமும் மாலையில் காட்டைச் சுற்றி வந்து, படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்து மகிழ்ந்தார். அவ்வாறு சுற்றும்போதுதான் அவர் கண்ணில் யானையின் கீரைத் தோட்டம் பட்டது. காட்டின் பாதி விலங்குகளுக்கு அத்தோட்டமே சோறு போட்டுவந்தது.

"இது என்ன, பச்சையாக இருக்கிறதே?"

"கீரை வேற என்ன நிறத்துலய்யா இருக்கும்?" என்றது யானை.

"பசுங்கணிகம் தாவரச் செல்லுக்கு உரியது. விலங்குச் செல்லில் அதற்கு இடமில்லை. பிடுங்கிவிடு."

"பிடுங்கிட்டா எதைத் திங்கிறது?"

"படத்தைப் பார்த்துவிட்டுக் கேள்வி கேள்."

யானை படத்தைப் பார்த்தது. கீரை இல்லை. பெருமூச்சு விட்டுப் பிடுங்கிப் போட்டது. தோட்டத்தைச் சுற்றியிருந்த கல்சுவரையும், செல் சுவர் விலங்குக்கு இல்லை என்ற காரணத்தால், அதுவே இடிக்க வேண்டியதாயிற்று. மரங்களையும் கூர்முள்ளார் நிமிர்ந்து பார்த்தார். ஆனால் யானைக்கு மூச்சு வாங்கியதால் அத்துடன் விட்டார்.

விரைவிலேயே காடு பட்டினி கிடந்தது. எருமைகள் செக்கில் சாய்ந்து நின்றன. கைப்பேசிகள் அணையத் தொடங்கின. குகைக்குள்ளிருந்து சிங்கத்தின் கட்டளை நகலாக வெளிவந்து, ஒவ்வொரு மரத்திலும் தொங்கியது:

"உழைக்காத உறுப்புகளுக்கு இனி உணவில்லை. ஓய்வு பெற்றோர் அனைவர் மீதும் லைசோசோம் தன் பணியைச் செய்க."

கூர்முள்ளார் அதைப் படித்தார். வாக்கியம் பிழையின்றி அமைந்திருந்தது. அதன் பிறகுதான் ஓய்வு பெற்றோரில் தாமும் ஒருவர் என்பது அவருக்கு உறைத்தது. லைசோசோமின் பணி என்ன என்பதை அக்காட்டில் அவரைவிட நன்கு அறிந்தவர் யார்? முட்களெல்லாம் தாமாகவே விறைத்தன. ஓடலாம் என்று எல்லைக்குச் சென்றார். குரங்குகள் தடுத்தன.

"தனி ஆளா வெளிய விடமாட்டோம் ஐயா. பொதி கட்டி, முகவரி எழுதியிருந்தாத்தான் சவ்வு வழிவிடும். நீங்கதானே சொன்னீங்க?"

தளர்ந்து வளைக்குத் திரும்பியபோது, அணையும் நிலையிலிருந்த அவருடைய கைப்பேசியில் ஒரு குரல்செய்தி வந்திருந்தது. பேசியவர் ஓட்டுடையார், வனப்பள்ளியில் விளையாட்டு ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்ற ஆமை.

"கூர்முள்ளாரே, நான் உயிரோடதான் இருக்கேன்! காலையில அந்தக் கழுதைப்புலி வந்துச்சு. செத்தேன்னு நெனைச்சு ஓட்டுக்குள்ள போயிட்டேன். அது என்னடான்னா, என்னைத் தேக்கிலையில சுத்தி, கொடியால கட்டி, முகவரி எழுதிப் பக்கத்துக் காட்டுக்கு அனுப்பிடுச்சு. லைசோசோம் வேலை அதுதான்னு நெனைச்சுக்கிட்டு இருக்கு, மடப்பயல்! இங்க கிழங்கு கொட்டிக் கிடக்கு. உம்மகிட்டயும் வரும். பேசாம பொட்டலமாகி வந்து சேரும். தயவுசெஞ்சு வாயை மட்டும் திறக்காதீர்!"

கூர்முள்ளார் அச்செய்தியை மறுபடியும் கேட்டார். கோல்கை உறுப்பின் பணியை லைசோசோமின் பணி என்று எழுதுவது கழுதைப்புலியின் பழைய வழக்கம். அதற்காகவே அதை ஆண்டுதோறும் ஒரே வகுப்பில் உட்கார வைத்திருந்தார். இன்று அந்த அறியாமை ஒன்றே தம்மைக் காக்கும் என்பதை உணர்ந்து, வாயை இறுக மூடிக்கொண்டார்.

சற்று நேரத்தில் கழுதைப்புலி தேக்கிலைகளோடு வந்தது.

"வணக்கமுங்கய்யா. உத்தரவு. தப்பா எடுத்துக்கக் கூடாது."

கூர்முள்ளார் தலையசைத்தார். அது அவரை மெல்லத் தூக்கி, இலைமேல் கிடத்தி, முட்கள் மடங்குமாறு பக்குவமாகச் சுற்றியது. கொடியை இழுத்துக் கட்டியது. கழுத்தருகே முகவரியையும் ஒட்டியது. பொதிந்துகொண்டே பெருமிதத்தோடு ஒப்பித்தது:

"லைசோசோம் என்பது பொருள்களைப் பொதிந்து, முகவரியிட்டு, உரிய இடத்திற்கு அனுப்பும் உறுப்பாகும். எத்தனை வருசமாச்சு, இன்னும் மறக்கலை பாருங்கய்யா! சரிதானுங்களே?"

கூர்முள்ளார் தேக்கிலைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார்.

"சரியான்னு சொல்லுங்கய்யா. ஒரே ஒரு தடவை. உங்க வாயால 'சரி'ன்னு கேட்டதே இல்லை நான்."

சரி என்று சொன்னால் போதும். இரண்டே எழுத்து. அப்பால் கிழங்கு, ஓட்டுடையாரின் நட்பு, அமைதியான முதுமை. கூர்முள்ளார் உதடுகளைப் பிரித்தார். "ச" என்னும் எழுத்து வெளிவந்தது. அதற்குமேல் நா எழவில்லை. பணிக்காலம் முழுவதும் திருத்திய அத்தனை விடைத்தாள்களும் கண்முன் எழுந்து நின்றன. முட்கள் சிலிர்த்துத் தேக்கிலையைக் கிழித்துக்கொண்டு வெளிவந்தன.

"தவறு!" என்று முழங்கினார் கூர்முள்ளார். "முற்றிலும் தவறு! நீ கூறியது கோல்கை உறுப்பின் பணி. தேய்ந்து பயனற்றுப்போன உறுப்புகளைத் தன் நொதிகளால் செரித்து, செல்லைத் தூய்மை செய்வதே லைசோசோமின் பணி!"

கழுதைப்புலி கொடியைக் கீழே போட்டது.

"அப்போ ஆமையாரை அனுப்பினது...?"

"பிழை. மதிப்பெண் சுழியம்."

"மன்னிச்சுக்கோங்கய்யா. இன்னொரு தடவை சொல்லிப் பார்க்கட்டுங்களா?"

அது கண்களை மூடிக்கொண்டு மெதுவாகச் சொன்னது. "தேய்ந்து... பயனற்றுப்போன உறுப்புகளை... தன் நொதிகளால் செரித்து..." ஒரு சொல்லும் விடுபடவில்லை. கூர்முள்ளாரின் கண்கள் பனித்தன. தம் பாடம் ஒருவனுக்கேனும் புரிந்துவிட்டது.

"முழு மதிப்பெண்" என்றார்.

கழுதைப்புலி கண் திறந்து, அவரை முதன்முறையாக உற்றுப் பார்த்தது. நாக்கால் உதட்டைத் தடவிக்கொண்டது. ஆயினும் அது ஆசிரியரிடம் மரியாதை மாறாத மாணவன்.

"ஐயா, ஒரே ஒரு சந்தேகம். தலைப்பக்கத்துல இருந்து ஆரம்பிக்கணுமா, வால்பக்கத்துல இருந்தா?"

கூர்முள்ளார் பாடநூலை மனத்துக்குள் புரட்டிப் பார்த்தார்.

"இவ்வினா பாடத்திட்டத்திற்கு அப்பாற்பட்டது" என்றார்.

நீதி: தவறான விடையளிக்கும் மாணவர்களை மனமாரப் போற்றுக, அவர்கள் சரியாகப் படித்துவிட்டால் ஆசிரியர்கள் உயிர்வாழ முடியாது.