நான் பல்ப்பாக எரிந்த நாள்

மரியாதை அளவுக்கு மிஞ்சினால் மனிதனுக்கு ஆபத்து. எனக்கு அந்த ஆபத்து ஒரு சைக்கிளில் இருந்து இறங்கியபோது வந்தது.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. தர்மபுரத்துக் கொட்டில் பள்ளிக்கூடம் ஒன்றில் நான் விஞ்ஞானத் தொண்டர் ஆசிரியர் (விஞ்ஞானத்தைவிடக் கர்வம் கூட). சின்ன வகுப்புகளுக்குப் படிப்பித்த செல்வராணி ரீச்சர், பள்ளிக்கூடக் கண்காட்சிக்கு வருகிறவர்கள் விளையாட ஒன்று செய்திருந்தார். வளைத்த கொடிக்கம்பியில் முட்டாமல், சாவி கோக்கிற திறப்பு வளையம் ஒன்றைக் கடைசிவரை கொண்டுபோக வேண்டும். முட்டினால் பல்ப் எரியும். யுத்தத் தடையால் பற்றரி வன்னிக்குள் வராத காலம். ஸ்ராண்டில் நிறுத்தி மிதிக்கிற சைக்கிளின் டைனமோதான் மின்சாரம். இப்படி யோசிக்க எனக்கு ஏழு பிறப்பு வேண்டும். அவருக்கு ஒரு பின்னேரம் போதுமாயிருந்தது. கல்வி அதிகாரிக்குப் பிடித்தால் அது வலயக் கண்காட்சிக்குப் போகும் என்று மிகவும் ஆசையாக இருந்தார். மிதிக்கும் பொறுப்பை நான் வலியக் கேட்டு வாங்கினேன்.

அதிகாரி வந்தார். பெரியவர் வந்தால் எழும்பி நிற்பதுதானே பழக்கம்? நான் சைக்கிளை விட்டு இறங்கிக் கை கட்டி நின்றேன். அவர் வளையத்தைக் கம்பி முழுக்க உரசிக்கொண்டே போனார். பல்ப் எரியவில்லை. பிள்ளைகள் சிரித்ததும் அவர் முகம் மாறியது. வேலை செய்யாத சாமானை ஏன் வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டார்.

செல்வராணி என்னைப் பார்த்தார். நான் பாய்ந்தேறி, தூரத்துப் புளியங்குளத்தில் பந்தி வைக்கிறார்கள் என்று கேள்விப்பட்டவன் போல மிதித்தேன். அதிகாரி மறுபடி முட்டினார். பல்ப் பளீரென்று எரிந்து கறுத்துப்போனது. அது பள்ளிக்கூட அதிபரின் சைக்கிளில் கழற்றியது, வேறு கிடையாது.

நிலம் பிளந்து என்னை விழுங்காதா என்றிருந்தது. செல்வராணி சைக்கிளடிக்கு வந்தார். பல்ப்பைக் கழற்றிவிட்டு, இரண்டு வயர் முனைகளையும் என் வியர்த்த விரல்களில் சுற்றினார்.

"மிதியுங்கோ சேர். இனி நீங்கள்தான் பல்ப்."

அதிகாரி முட்டினார். கை சுரீரென்றது. நான் "ஆ" என்று கத்தினேன். அதிகாரி விழுந்து விழுந்து சிரித்தார். இன்னும் இரண்டு தரம் வேண்டுமென்றே முட்டினார். பிறகு வரிசை வேலிவரைக்கும் நீண்டது. மத்தியானம் வரை எரிந்தேன்.

விளையாட்டு வலயத்துக்குத் தெரிவானது. பொருட்பட்டியலில் செல்வராணி எழுதியிருந்தது: கொடிக்கம்பி, திறப்பு வளையம், சைக்கிள், விஞ்ஞான ஆசிரியர் ஒருவர்.

அந்த மூளைக்கு மயங்கித்தான் அவரைக் கலியாணம் செய்தேன். இன்றைக்கும் வீட்டில் கறண்ட் நின்றால் மூத்தவள் மெழுகுதிரி தேடுவதில்லை. தாய் சமைக்கிற குசினிப் பக்கம் திரும்பிக் கேட்பாள்:

"அம்மா, அப்பாவின்ரை வயர் எங்கை?"