வெல்லக்கட்டி மேடம்

மூன்றாம் மாடிக் கோடி அறையில், வெள்ளை வெளேரென்று விரித்திருந்த கட்டிலின் நடுவே ஒரு தலையணை மட்டும் உறையில்லாமல், கறை படிந்த மேனியோடு கிடந்தது. வெளியே பொது மேலாளரின் காலணிச் சத்தம் நெருங்கிக்கொண்டிருந்தது.

வெல்லக்கட்டிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. தலையணையை அலமாரிக்குள் தள்ளப் பார்த்தாள், கதவு மசியவில்லை. கடைசியில் அதைக் கட்டிலிலேயே போட்டு அதன் மேல் உட்கார்ந்துவிட்டாள்.

"கெஸ்ட் கட்டில்ல உக்காந்து என்ன பண்றீங்க?" என்றார் மேலாளர்.

"மெத்தை மெத்துனு இருக்கானு பாக்கறேன் சார்."

"இருக்கா?"

"இருக்கு சார்."

"அப்ப எந்திரிங்க."

"இன்னும் கொஞ்சம் பாக்கணும் சார்."

அவர் முறைத்துவிட்டுப் போனார்.

அந்த ஹோட்டலில் பல வருஷம் அறை துடைத்தவள் அவள். யாரையும் கடிந்து ஒரு வார்த்தை சொல்ல வராது என்பதால் கூட வேலை செய்தவர்கள் வைத்த பெயர்தான் வெல்லக்கட்டி. இந்த மாதம்தான் மேற்பார்வையாளர் ஆகியிருந்தாள். அதற்காக அவள் காத்திருந்தது அவளுடைய முழங்காலுக்குத்தான் தெரியும்.

முதல் நாளே மேலாளர் எல்லோர் எதிரிலும் சொல்லிவிட்டார். "நேத்து வரைக்கும் இவங்களோட ஒண்ணா உக்காந்து சாப்பிட்டவங்க நீங்க. தட்டிக் கேக்க வாய் வருமா? மாசக் கடைசி வரைக்கும் பாக்கறேன். சரிப்படலேன்னா வெளியிலேர்ந்து ஆள் போட்டுடுவேன்."

உறை போடாத அறை குண்டூசியின் பொறுப்பு. அதுவும் பட்டப்பெயர்தான்: ஆள் ஒல்லி, கூர்மை. விரிப்பில் ஒரு சுருக்கம் இருந்தாலும் அவளுக்குச் சோறு இறங்காது. வெல்லக்கட்டிக்கு உயிர்த்தோழி. அவளா உறையை மறந்தாள்?

மறக்கவில்லை என்று ஒரு குரல் உள்ளே சொன்னது.

சிநேகமாகப் பேசித் தெரிந்துகொள்ளலாம் என்று பிஸ்கட் பொட்டலத்தோடு ஓய்வறைக்குப் போனாள். வாசலிலேயே குண்டூசியின் குரல் கேட்டது. "நாளைக்கு பாத்ரூம். அதை நான் பாத்துக்கறேன்." குபீரென்று ஒரு சிரிப்பு. இவள் தலையைக் கண்டதும் கப்சிப். எல்லோரும் எழுந்து நின்றார்கள்.

"உக்காருங்கடி. பிஸ்கட் எடுத்துக்கோங்க."

"பரவால்லைங்க மேடம்" என்றாள் குண்டூசி.

மேடம்! அந்தச் சொல் முகத்தில் அறைந்தது. பொட்டலத்தைப் பிரிக்காமலே திரும்பினாள்.

மறுநாள் ஒரு குளியலறையில் மேலாளர் முகம் கழுவினார். கம்பியில் மடித்துத் தொங்கியதை எடுத்து ஆசையாகத் துடைத்துக்கொண்டார். அது துண்டு இல்லை, கால்மிதி. சொல்லத் துணிவில்லாமல் வெல்லக்கட்டி சுவரைப் பார்த்தாள்.

"துண்டு கொஞ்சம் முரடா இருக்கே?"

"ரத்த ஓட்டத்துக்கு நல்லது சார்."

அவருக்குப் பின்னால் நின்ற குண்டூசி அவளையே பார்த்துக் கண்ணை உருட்டினாள். கேலியைப் பார், என்று பொருமினாள் வெல்லக்கட்டி.

வீட்டில் புருஷனிடம் கொட்டினாள். அவன் பள்ளிக்கூட வாத்தியார்.

"பொறாமை. வேறென்ன? கூட இருந்தவ மேடமானா யாருக்குத்தான் பொறுக்கும்?"

"அவ அப்படிப்பட்டவ இல்லீங்க."

"அப்புறம் ஏன் அழறே? கொஞ்சம் தள்ளி நின்னு பழகு. நான் கிளாஸ்ல சிரிக்கவே மாட்டேன், தெரியுமா?"

"வீட்ல மட்டும் சிரிச்சுக் கொட்டறீங்களாக்கும்?"

ஆனாலும் யோசனை பிடித்திருந்தது. மறுநாள் தோழியை நிறுத்தி, முகத்தை இறுக்கிக்கொண்டு, "நீங்க இனிமே வேலையில கவனமா இருக்கணும்" என்றாள். வாடி போடி என்று பழகிய வாயில் அந்த 'நீங்க' மீன்முள் மாதிரி சிக்கியது.

குண்டூசியின் முகம் மலர்ந்தது. "அப்படித்தான்! இன்னும் கொஞ்சம் சத்தமா!"

என்ன நெஞ்சழுத்தம்! அன்று முழுக்க வெல்லக்கட்டி கதவிடுக்கு வழியாகவே உலகத்தைப் பார்த்தாள். தூசி தட்டியவன் சிரித்தால் சந்தேகம். சன்னல் துடைத்தவள் சிரிக்காவிட்டால் அதைவிடச் சந்தேகம்.

மாதம் முடிய ஒரு நாள்தான் பாக்கி. மேலாளர் சோதனைக்கு வந்த அறையில் தலையணைகள் கால்மாட்டில் இருந்தன. திரைச்சீலை தலைகீழாகத் தொங்கியது. டெலிபோன் குளிர்ப்பெட்டிக்குள் இருந்தது.

"ஐயையோ, இந்த ரூமை நான்தானே போட்டேன்!" என்று குண்டூசியே ஊருக்குக் கேட்கிற மாதிரி கூவினாள். பிறகு மேற்பார்வையாளர் எதிரே வந்து வாகாகத் தலைகுனிந்து நின்றாள்.

மேலாளர் வெல்லக்கட்டியைத் திரும்பிப் பார்த்தார். அவள் வாயைத் திறந்தாள். குனிந்த அந்தத் தலையைப் பார்த்தாள்.

"நான்தான் சார் இப்படிப் போடச் சொன்னேன்."

"டெலிபோனை குளிர்ப்பெட்டியிலயா?"

"பேசிப் பேசிச் சூடாயிடுது சார்."

குண்டூசி தலையில் அடித்துக்கொண்டாள்.

"நாளைக்கு ஒரு நாள் பாக்கறேன். அதோட சரி" என்றார் மேலாளர்.

வெல்லக்கட்டி நேரே கீழ்த்தளத்துச் சலவை அறைக்கு ஓடினாள். அங்கே விரிப்பு மடித்துக்கொண்டிருந்த சலவைக்காரர் அதிகம் பேசாதவர். அவர் எதிரில் உடைந்து போனாள்.

"அண்ணே, நீங்களாவது உண்மையைச் சொல்லுங்க. ஏன் எல்லாருமாச் சேர்ந்து என்னைக் கவுக்கறீங்க? நான் யாரையாவது ஒரு வார்த்தை கடுமையாப் பேசியிருக்கேனா?"

சலவைக்காரர் கதவைச் சாத்திவிட்டு வந்து குரலைத் தாழ்த்தினார்.

"அதுதானே தாயி பிரச்சனையே! அந்தாள் எதிர்ல நீ திட்ட ஒரு சாக்கு வேணுமேன்னு நாங்களும் தினம் ஒரு தப்பு பண்ணித் தர்றோம். நாளைக்கு என் முறை, இந்தத் தடவையாவது வாயைத் திறந்து திட்டித் தொலை!"