மச்சான் கவிழ்த்த அண்டா

பழைய பாத்திரம் சேர்க்கிறவனுக்கு மைத்துனன் இருக்கக் கூடாது. இருந்தாலும் அவனுக்குக் கல்யாணம் ஆகக் கூடாது. விளையாட்டுக்குச் சொல்லவில்லை, வயிறு எரிந்து சொல்கிறேன்.

பெரியாற்றில் அணை கட்டிக்கொண்டிருந்த காலம். கூடலூரில் எனக்கு ஏலக்காய் வியாபாரம். மலைமேல் ஒரு துரை பங்களாவுக்குச் சரக்குக் கொண்டுபோனபோது, சுவர் நெடுக நம் ஊர்ச் செப்புப் பாத்திரங்களை அடுக்கி வைத்திருந்ததைப் பார்த்தேன். தவலை, குடம், கொப்பரை. எதிலும் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட இல்லை. "கையால அடிச்ச பழஞ்செம்பு. தொரை சும்மா பாத்துக்கிட்டே இருப்பாரு" என்றார் பட்லர். அன்றைக்குப் பிடித்தது எனக்குப் பைத்தியம். (ஏலக்காய் விற்கப் போனவன் அதை மட்டும் விற்றுவிட்டு வந்திருக்கலாம்.)

அதன்பிறகு எந்த வீட்டில் நெளிந்த செம்பு கிடந்தாலும் அந்த வாசலில் நான் நின்றேன். புதுப் பித்தளையைக் கொடுத்துப் பழஞ்செம்பை வாங்கினேன். செம்பில் சமைக்கிறவர்கள் உள்ளே ஈயம் பூசி வைப்பார்கள். இல்லாவிட்டால் புளி பட்டதும் களிம்பு ஊறி, சாப்பிட்டவன் குடலே வெளியே வந்துவிடும். மகா மேதையான நானோ, பாத்திரம் அடித்த கன்னாரின் சுத்தியல் தடம் உள்பக்கமும் தெரிய வேண்டும் என்று அந்த ஈயத்தையெல்லாம் ராத்திரியில் தனியாக உட்கார்ந்து சுரண்டி எடுத்தேன்.

"சோறு பொங்காத ஏனம் எதுக்குங்க?" என்று கேட்டாள் என் மனைவி.

"பாக்கிறதுக்கு."

"பாத்தா பசி ஆறுமா?"

எங்கள் பக்கத்தில் பெரிய அண்டா வைத்திருக்கிறவன், யார் வீட்டில் கல்யாணம் என்றாலும் அதைக் கொடுத்தே ஆக வேண்டும். வெற்றிலை பாக்கோடு வந்து கேட்பார்கள். என்னிடமும் அப்படி ஒரு செப்பு அண்டா இருந்தது, நான் சேர்த்ததிலேயே பெரியது. நான் வெற்றிலையை வாங்கிக்கொண்டு ஆளை விரட்டிவிடுவேன். ஊரே என்னைக் கஞ்சன் என்றது. என்றுவிட்டுப் போகட்டும் என்று இருந்தேன்.

அப்போதுதான் கம்பத்தில் என் மனைவியின் தம்பிக்குக் கல்யாணம் வந்தது. அவன் வெற்றிலையெல்லாம் கொண்டுவரவில்லை. நான் குமுளிக்குப் போயிருந்த நேரம் பார்த்து வண்டியைக் கொண்டுவந்துவிட்டான். கல்யாணத்தன்று காலையில் வீடு திரும்பினால் அண்டா இருந்த மூலை காலி. பக்கத்து வீட்டம்மாள் எட்டிப்பார்த்து, "ஒங்க வீட்டம்மாதான் எடுத்துக் குடுத்தாக. தம்பி கல்யாணம்னு என்னமா பூரிச்சுப் போனாக!" என்றார். உடம்பு முழுக்கப் பற்றி எரிந்தது. வேட்டிகூட மாற்றாமல் வண்டி பிடித்தேன்.

கம்பத்தில் கல்யாண வீட்டுக் கொல்லைப்புறம் போனேன். என் அண்டா, என் ராஜாத்தி, அடி முழுக்கக் கரியோடு அடுப்பில் உட்கார்ந்திருந்தது. உள்ளே புளிக்குழம்பு தளதளவென்று கொதித்தது.

"ஏலே, எறக்குடா அத!" என்று கத்தினேன்.

மைத்துனன் மாப்பிள்ளைக் கோலத்தில் ஓடிவந்தான். "மச்சான், பொண்ணு வீட்டுக்காரவுக தேவதானப்பட்டியில இருந்து ராவெல்லாம் வண்டியில வந்து பசியோட இருக்காக. மொகூர்த்தத்துக்கு முன்னாலயே பந்தி போடுறோம். சபையில மானத்த வாங்காதீக."

"ஒன் மானம் கெடக்கட்டும். சுத்தியல் தடம் என்னத்துக்குடா ஆகும்?"

கையால் அடித்த பாத்திரத்தின் அருமையைப் பற்றி நான் அங்கே தொண்டை கிழியப் பேசினேன். கூட்டம் கூடிவிட்டது. பேசிக்கொண்டே குனிந்து அண்டாவின் உள்விளிம்பைப் பார்த்தவனுக்கு, அப்போதுதான், அத்தனை சண்டையும் போட்டு முடித்த பிறகுதான், ஈயத்தின் நினைப்பு வந்தது.

"ஐயோ, குழம்பத் தொடாதீக! உள்ள ஈயம் இல்ல!"

ஒருவரும் நம்பவில்லை. எப்படி நம்புவார்கள்? ஏனத்தைக் கொடுக்க மனசில்லாமல் பழி சொல்கிறேன் என்று முணுமுணுத்தார்கள். சமையல்காரருக்கு ரோஷம் வந்துவிட்டது. ஒரு கிண்ணம் நிறைய அள்ளி ஊதி ஊதிக் குடித்தார். "அமிர்தமா இருக்கு" என்று மீசையைத் துடைத்துக்கொண்டார். அந்த மனிதரை அங்கேயே அறைந்திருப்பேன். அதற்குள் பந்திக்கு ஊற்ற ஒருவன் வாளியோடு வந்துவிட்டான். எனக்கு வேறு வழி தெரியவில்லை. காலைத் தூக்கி அண்டாவை ஓங்கி உதைத்தேன்.

என் ராஜாத்தி கல்லில் மோதி நெளிந்தாள். குழம்பு ஆறாக ஓடியது. என் பாதம் வெந்துபோனது. பெண்ணின் தகப்பனார் பந்தியிலிருந்து எழுந்து வந்தார்.

"பசிச்சு வந்தவுக முன்னால குழம்ப எத்துற குடும்பத்துலயா என் மகளக் குடுக்கிறது? பூட்டுங்கடா வண்டிய!"

மைத்துனன் அழுதேவிட்டான். என் மனைவி என்னைப் பார்த்த பார்வைக்கு அடுப்பு நெருப்பு தேவலை. மணப்பெண் மாலையோடு வண்டி ஏற வாசலுக்கே வந்துவிட்டாள். சமையல்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வைக்கோல் போருக்குப் பின்னால் ஓடியது அந்த நேரத்தில்தான். அவர் எடுத்த வாந்திச் சத்தம் வண்டி வரைக்கும் கேட்டது. பெண்ணின் தகப்பனார் வைக்கோல் போருக்குப் பின்னால் போய் எட்டிப்பார்த்தார். அப்புறம் மாட்டை அவிழ்க்கச் சொன்னார். அன்று தாலி ஏறியது மந்திரத்தால் அல்ல, அந்த வாந்தியால்தான்.

முதல் பந்தி முழுக்க மோர்ச்சோறு. எனக்கு யாராவது நன்றி சொன்னார்களா? "ஈயத்தச் சொரண்டுனவரு இவருதான" என்று ஒரு கிழவர் கேட்டதோடு சரி.

அந்தப் பெண்ணுக்கு இப்போது பேரன் பேத்தி இருக்கிறார்கள். இன்றைக்கும் நான் அவள் வீட்டுக்குப் போனால் கட்டாயம் புளிக்குழம்பு வைப்பாள். எல்லாரும் பார்க்க என் இலைக்கு முன்னால் நின்று, ஒரு கரண்டியை முதலில் தானே குடிப்பாள். கண்ணை மூடிச் சற்று நேரம் காத்திருப்பாள். பிறகு, "ஒண்ணும் ஆகலண்ணே, எத்தாம சாப்பிடுங்க" என்பாள். கைக்குழந்தைகூடச் சிரிக்கும். அன்று நான் உதைத்திராவிட்டால் வைக்கோல் போருக்குப் பின்னால் உன் வீட்டார் அத்தனை பேரும் வரிசையில் நின்றிருப்பார்கள் என்று ஒவ்வொரு தடவையும் எனக்கு நாக்கு நுனிவரை வருகிறது. வாயைத் திறப்பதற்குள் குழம்பை ஊற்றிவிடுகிறாள்.