தறி நின்ற இருபது நிமிடம்

கவின், யாழினி, ரெண்டு பேரும் இதைப் படியுங்கள். போன வாரம் கல்யாணப் பந்தியில் உங்கள் பழனிச்சாமி மாமா என்னைப் பார்த்து, "ஏனுங் மச்சான், இன்னைக்கு ரெக்கார்டிங்குங்களா, கேதமுங்களா?" என்று கேட்டதும் பந்தியே சிரித்தது. நீங்களும் சேர்ந்து சிரித்தீர்கள். (கேதம் என்றால் சாவு. நீங்கள் இங்கிலீஷ் மீடியம் என்பதால் சொல்லிவிடுகிறேன்.) ஊரில் இந்தக் கதையை ஆளுக்கொரு விதமாகச் சொல்கிறார்கள். ஒருத்தர் கதையில் எனக்குச் சங்கே ஊதிவிட்டார்கள். நடந்ததை நானே எழுதிவிடுவது நல்லது.

அப்போது எனக்கு ஒரு வியாதி இருந்தது. என் குரல் நல்ல குரல் என்ற நினைப்பு. மாரியம்மன் நோம்பிக்கு மூன்று வருடம் மைக் பிடித்தவன் நான். வழியில் நிற்கும் வண்டியை எடுக்கச் சொல்வதைக்கூட அரச கட்டளை மாதிரிதான் சொல்வேன். யாரும் வண்டியை எடுத்ததில்லை என்பது வேறு விஷயம்.

சரவணம்பட்டியில் விவசாயிகளுக்கு வீடியோ எடுக்கும் ஒரு கம்பெனி, சொட்டுநீர்ப் பாசனம் பற்றிப் பேச நம் பக்கத்துக் குரல் ஒன்றைத் தேடியது. வீட்டிலிருந்தே பேசி அனுப்பினால் போதும். நான் எட்டாவதோடு தறிக்கு வந்தவன். அந்தக் கம்பெனிப் பெண் போனில் என்னை "சார்" என்று கூப்பிட்டது. அதுவரை என்னை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. அந்த ஒரு வார்த்தைக்காகவே அந்த வேலை எனக்கு வேண்டியிருந்தது.

முதல் தடவை அனுப்பினேன். "சார், பின்னாடி ட்ரெயின் போகுதுங்களா?" என்றது அந்தப் பெண். ட்ரெயின் இல்லை, நம் நாலு தறியும் மாமாவின் எட்டுத் தறியும். இரண்டாவது தடவை பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு பேசினேன். "சார், கிணத்துக்குள்ள இருந்து பேசறீங்களா?" என்றது. மூன்றாவதுதான் கடைசி. வியாழக்கிழமை பன்னிரண்டு மணிக்குள் அனுப்ப வேண்டும்.

மூன்று நாள் போனில் வீடியோவாகப் பார்த்துத் தள்ளினேன். எதிரொலி போக வேண்டுமா, சுற்றிலும் கனமான துணியைத் தொங்கவிடு. ஃபேனை நிறுத்து. வாய்க்கும் போனுக்கும் ஒரு சாண் இடைவெளி விடு. நடுவில் அழைப்பு வராமல் இருக்க ஏரோப்ளேன் படத்தை அமுக்கிவிடு. பேசி முடித்ததும் ஒரு நிமிடம் அசையாமல் இருந்து, அறையின் வெறும் அமைதியையும் பதிவு செய். இரைச்சலைப் பிரித்தெடுக்க அது உதவுமாம்.

துணிக்கா நம் வீட்டில் பஞ்சம்? தறியில் நெய்து மடித்து வைத்திருந்த காடாத் துணியை எடுத்து, கயிற்றுக் கட்டிலைச் சுற்றிக் கட்டி, மேலேயும் போர்த்தினேன். உள்ளே உட்கார இடமில்லை, படுக்கத்தான் முடிந்தது. படிக்க வேண்டிய தாளில் ஜன்னல் வெளிச்சம் விழ வேண்டும் என்று தெற்குப் பக்கம் மட்டும் துணியைக் கொஞ்சம் விலக்கி, அங்கே தலை வைத்துப் படுப்பதாக ஏற்பாடு.

மிச்சம் தறிச் சத்தம். வியாழக்கிழமை பதினொன்றரைக்கு நம் வீதியில் இருந்த அத்தனை தறிக்குடோனுக்கும் போனேன். "இருவது நிமிசம் நிறுத்துங்க. அப்பறமா சொல்றேனுங்க." உங்கள் அம்மா முன்பே சொன்னாள், "ஏனுங்க, என்ன ஏதுன்னு சொல்லிப்போட்டுக் கேளுங்க." நான் கேட்கவில்லை. இந்தத் தடவையும் தோற்றுவிட்டால் ஊருக்குத் தெரிந்துவிடுமே! அதனால் முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு கேட்டேன். யாரும் காரணம் கேட்கவில்லை. எப்படிக் கேட்பார்கள்? கருமத்தம்பட்டிப் பக்கம் பட்டப்பகலில், கரண்ட் இருக்கும்போது, வீதி மொத்தமும் தறியை நிறுத்துவது ஒன்றே ஒன்றுக்குத்தான். அது இந்த மேதாவிக்கு உறைக்கவில்லை.

அம்மா மாவு மில்லுக்குப் போயிருந்தாள். நான் துணிக்குள் நுழைந்து, ஏரோப்ளேனை அமுக்கி, கணீரென்று பேசி முடித்தேன். பிறகு அந்த ஒரு நிமிட அமைதிக்காகக் கையைக் காலை நீட்டி அசையாமல் கிடந்தேன்.

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. பிறகு நிறையச் செருப்புகள்.

"போன் போட்டா சுச்சாப்புன்னு வருதேன்னு ஓடியாந்தேன்." இது ராமசாமி சித்தப்பா. "யாருக்கு என்னன்னே தெரியாமயே மாலைய வாங்கியாந்துட்டேன்..."

"ஐயோ, அங்க பாருங்க கட்டல்ல!" இது பக்கத்து வீட்டுச் சரசக்கா. "இத்தன நேரம் நல்லாத்தானே ஒலாத்திட்டு இருந்துச்சு!"

அந்த நிமிடமே எழுந்திருக்கலாம். எழுந்திருக்கவில்லை. போனில் பதிவு ஓடிக்கொண்டிருக்கிறது, அழுதுவிட்டுப் போய்விடுவார்கள் என்று நினைத்தேன். உண்மையைச் சொல்லவா? என்னைப் பற்றி நாலு நல்ல வார்த்தை கேட்கலாம் என்ற ஆசை.

"தங்கமான மனுசன்," என்றார் சித்தப்பா. எனக்குக் கண் கலங்கியது. "மைக்க மட்டும் கையில குடுத்துரக் கூடாது."

"ஆமாங்க," என்று சரசக்கா மூக்கைச் சிந்தியது. "நோம்பியன்னைக்குக் காதுல பஞ்சு வெச்சுக்குவேன்."

"இனி நோம்பிக்கு யாரு பேசறது?" என்றது ஒரு குரல். "அத உடுங்க, இனி நிம்மதி," என்றது இன்னொன்று. அது உங்கள் மாமா. இன்றுவரை தான் இல்லை என்கிறார். பதிவு என்னிடம் இருக்கிறது.

அப்போது அம்மா மாவுத் தூக்கோடு வந்தாள். சரசக்கா ஓடிப்போய்க் கட்டிக்கொண்டது. "அம்மணி, இப்பிடி உட்டுப்போட்டுப் போயிட்டாரே!"

அம்மா குரலை உயர்த்தவில்லை. "அழுவாதீங்க அக்கா. அவரு எங்கயும் போவல. துணிக்குள்ள படுத்துட்டுச் சொட்டுநீர்ப் பாசனம் பேசறாருங்க. தறிச் சத்தம் ஆகாதுன்னு நிறுத்தச் சொல்லியிருக்காரு. எல்லாரும் உக்காருங்க, காப்பி வெக்கறேன்."

நான் துணியை விலக்கி எழுந்தேன். சித்தப்பா கையிலிருந்த மாலை என் மடியில் விழுந்தது. சரசக்கா காம்பவுண்டுச் சுவர் வரை ஓடித்தான் திரும்பிப் பார்த்தது. இரண்டே நிமிடத்தில் எல்லாத் தறியும் மறுபடி ஓடின, வழக்கத்தைவிடக் கோபமாக. மணி பன்னிரண்டுக்கு மூன்று நிமிடம். வெட்ட நேரமில்லை. அழுகையோடு அப்படியே அனுப்பினேன்.

சாயங்காலம் கம்பெனிப் பெண் கூப்பிட்டது. "சார், சவுண்ட் இந்த வாட்டி சூப்பரா இருக்குதுங்க. கடைசியில ஒருத்தங்க பேசறாங்களே, அவங்க யாருங்க சார்?"

"எங்க ஊட்டுக்காரிங்க."

"நாலே வரியில எல்லாத்தையும் புரியற மாதிரி சொல்லிட்டாங்க. அவங்க குரல்தான் எங்களுக்கு வேணுங்க."

"அப்ப என்னோடதுங்க?"

"உங்களுது... வண்டிய எடுக்கச் சொல்ற மாதிரியே இருக்குதுங்க சார்."

இப்போது பொள்ளாச்சித் தென்னந்தோப்புகளில் எல்லாம் போனுக்குள்ளிருந்து உங்கள் அம்மாதான் தண்ணீர் விடச் சொல்கிறாள். மூன்று நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை, அதையும் மறைக்க மாட்டேன்.

அம்மாவின் முதல் பதிவன்று நீங்கள் பள்ளிக்கூடத்தில் இருந்தீர்கள். அவள் துணிக்குள் போனதும் நான் ஒவ்வொரு குடோனாகப் போய், இந்தத் தடவை காரணத்தையும் சொல்லிக் கேட்டேன். கடைசியாக நம் தறிகளை நானே நிறுத்தினேன். பிறகு யாரும் இல்லாத வாசலில் நின்று, ஒரு அட்டையில் பெரிய எழுத்தில் எழுதிக் கேட்டில் மாட்டினேன்:

"இங்கு யாரும் சாகவில்லை. என் மனைவி பேசுகிறார்."

செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, சத்தம் வராமல் வாசல் திண்டில் உட்கார்ந்தேன்.