நாலு பொருத்தமும் ஒரு ஆர்ஜென்டினா போத்தலும்

உலகத்திலேயே வைனுக்குச் சாதகம் பார்த்த ஒரே மனிதர் இத்தாலியில், எங்கள் பலெர்மோ நகரத்தில்தான் இருந்தார். இதை எந்தக் கோயிலிலும் சத்தியம் செய்து சொல்வேன்.

தொண்ணூறுகளில் எங்களுக்கு அவர் சாத்திரியார். சொந்தப் பெயரை யாரும் கேட்டதில்லை. லிபெர்த்தா வீதியில், சின்யோரா என்று நாங்கள் சொல்லும் ஒரு இத்தாலிய அம்மா வீட்டில் சமையல் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் கால்சாப் பகுதியில் தன் அறையில் பஞ்சாங்கத்தை விரித்துவைத்து எங்கள் யாழ்ப்பாணத்து ஆட்களுக்குக் கலியாணப் பொருத்தம் பார்ப்பார். காசு வாங்க மாட்டார். பொய்யும் சொல்ல மாட்டார். இந்த இரண்டாவதுதான் பெரிய தொல்லை.

ஒருமுறை சின்யோராவின் தம்பி ஆர்ஜென்டினாவிலிருந்து ஒரு பெட்டி சிவப்பு வைன் அனுப்பிவைத்தார். மல்பெக், கபெர்னே என்று இரண்டு வகைத் திராட்சையைக் கலந்து செய்தது. சிசிலிக்காரி வீட்டு மேசையில் அந்நிய வைனா? சின்யோரா முகத்தைச் சுளித்துப் பெட்டியோடு சாத்திரியாரிடம் தள்ளிவிட்டார்.

சாத்திரியாருக்கு அன்று பிடித்தது பித்து. முருகன் படத்துக்கு முன்னால் சின்னத் திரையை இழுத்துவிடுவார். எவர்சில்வர் டம்ளரில் ஒரு மிடறு, சாப்பாட்டில் ஒரு வாய். பிறகு கண்ணை மூடித் தீர்ப்பு.

"பிட்டுக்கும் இதுக்கும் கணப் பொருத்தமே இல்லை."

சோற்றை உருட்டிப் பொரித்த அரன்சினிக்கு: "சினேகிதமா இருக்கலாம். கலியாணம் கூடாது."

புளிப்பும் இனிப்புமான கத்தரிக்காய்க் கப்போனாத்தாவுக்கு: "ஒம்பது பொருத்தம்! நாளைக்கே தாலி கட்டலாம்."

"மாட்டிறைச்சிதான் திறமெண்டு சின்யோராவின்ரை தம்பி சொல்லிவிட்டவர். அந்தச் சம்பந்தம் எங்களுக்கு வேண்டாம்."

இப்பேர்ப்பட்ட மனிதரிடம்தான் என் சாதகமும் சுலோவின் சாதகமும் போய்ச் சேர்ந்தன. சுலோ மக்வேதா வீதியில் ஒரு துணிக்கடையில் வேலை செய்தாள். நாங்கள் இருவரும் விரும்பியிருந்தோம். இங்கே அவளுக்கு எல்லாமே அவளுடைய அண்ணன்தான். சாதகம் பொருந்தினால் சம்மதம், இல்லாவிட்டால் இல்லை என்று அவர் சொல்லிவிட்டார்.

சாத்திரியார் கணக்குப் பார்த்து, "பத்துக்கு நாலு. காணாது" என்றார்.

"அண்ணை, ஆறெண்டு சொல்லுங்கோவன்."

"சொல்லேலாது தம்பி. ஞாயிறு அவரைச் சாப்பிடக் கூட்டிக்கொண்டு வாரும். நேரை சொல்லுறன்."

தொலைந்தேன் என்றே நினைத்தேன்.

ஞாயிறு வந்தது. ஆட்டிறைச்சிப் பிரட்டல், கண்மண் தெரியாமல் யாழ்ப்பாணத்து மிளகாய்த் தூள். பக்கத்தில் அந்த வைன். சுலோவின் அண்ணன் ஒரு வாய் சாப்பிட்டார், எரிந்தது. எரிவை அணைக்க வைனைக் குடித்தார்; இன்னும் எரிந்தது. அதை அணைக்க மறுபடி இறைச்சியை எடுத்தார். கண்ணீர் வடிய வடிய அடுத்த டம்ளருக்குக் கையை நீட்டினார்.

"சரி, சாதகம் என்ன மாதிரி அண்ணை?"

"நாலு."

"அப்ப விடுவம்."

சுலோவின் அண்ணன் சம்பந்தத்தை விட்டாரே தவிர, சாப்பிடுவதை நிறுத்தவில்லை. "ஆனா உந்த வைனும் கறியும் நல்லாச் சேருது. அதுக்கு எத்தினை பொருத்தம்?"

"மூண்டு."

அவர் டம்ளரை உற்றுப் பார்த்தார். "மூண்டுக்கே இப்பிடியோ?"

"ஓம். நாலை யோசிச்சுப் பாரும்."

அவர் யோசித்தார். இன்னொரு துண்டு இறைச்சியைத் தின்றுவிட்டு யோசித்தார். கடைசியில் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "முருகனுக்கு முன்னாலை சொல்லுறன். தங்கச்சியைக் குடுக்கிறன்" என்றார்.

சாத்திரியார் எழுந்துபோய்த் திரையை விலக்கினார். "திருப்பிச் சொல்லும். அவருக்குக் கேட்டிருக்காது."

சாத்திரியார் போய்ச் சேர்ந்து பல வருடங்களாகிவிட்டன. கலியாண நாள் தோறும் சுலோ அதே பிரட்டலைச் செய்வாள். நான் ஒரு ஆர்ஜென்டினா போத்தலைத் திறப்பேன். இரண்டும் சேரவே சேராது. இருவரும் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சாப்பிடுவோம். ஏன் அழுகிறீர்கள் என்று பிள்ளைகள் கேட்டால், உறைப்பு என்போம். சாத்திரியார் இருந்திருந்தால் அந்தப் பொய்யைச் சொல்ல விட்டிருக்க மாட்டார்.