பெல்லட் அடுப்பைச் சுத்தம் செய்த விவரம்

கொய்யாய்க்கே,
ஜூன் 22

அன்பு மகள் யாஸ்னாவுக்கு அப்பா தோரிபியோ எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சுகம். நீ வாங்கிக் கொடுத்த வேக்குவம் கிளீனர் சுகமில்லை. போனில் சொன்னால் அம்மா குறுக்கே புகுந்து கதையை மாற்றிவிடுவாள் என்பதால் கடிதம்.

நேற்று காலை பதினோரு மணிக்கு, கம்பளி உள்கால்சட்டையோடு, இரண்டு தீயணைப்பு வண்டிகளுக்கு நடுவே நான் ஜூன் மாதக் குளிர்காலப் பனியில் நின்றதைத் தெருவே பார்த்தது. வேறு யாராவது உனக்குச் சொல்வதற்குள் நானே சொல்லிவிடுகிறேன்.

எல்லாவற்றுக்கும் உங்கம்மாதான் காரணம். விடுமுறைக்குப் பேரன் பெனிசியோவைக் கூட்டிக்கொண்டு வருவதாகவும், வீட்டில் புகைவாசம் வந்தால் அடுத்த விமானத்திலேயே திரும்பிவிடுவதாகவும் நீ சொன்னாயல்லவா, அன்றிலிருந்து, "அடுப்பைச் சுத்தம் பண்ணுங்க, பேரனுக்கு நெஞ்சு தாங்காது"ன்னு ஒரே நச்சரிப்பு. ஊர்ப் புகையைக் குறைக்கணும்னு அரசாங்கம் நம்ம விறகு அடுப்பை எடுத்துக்கிட்டு இந்தப் பெல்லட் அடுப்பைக் கொடுத்து மூணு வாரம் ஆச்சு. கோழித்தீவனம் மாதிரி மரத்தூள் குச்சியைக் கொட்டினா தானே தின்னுக்குது. ஆனா தினமும் எரியுற கிண்ணத்தைச் சுரண்டணுமாம், கண்ணாடியைத் துடைக்கணுமாம். எனக்கே வாரத்துக்கு ரெண்டு குளியல்தான். அதனால விட்டுட்டேன். கண்ணாடி கரியாச்சு, தீ சோம்பேறியாச்சு, கடைசில சிவப்பு எழுத்து மினுக்கிட்டு அதுவே அணைஞ்சுடுச்சு. கால் மணி பொறுத்தேன். சாம்பல் வெள்ளையா சாதுவா இருந்தது. வேக்குவத்தை வெச்சு உறிஞ்சினேன். சாம்பலுக்கு அடியில கங்கு இருக்கும்னு முப்பது வருஷமா ஊருக்கே புத்தி சொன்னவன் நான். கொஞ்ச நேரத்துல அதோட பின்பக்கம் முடி பொசுங்குற வாசம். தும்பிக்கையைப் பிடிச்சு இழுத்துட்டு ஓடி முற்றத்துப் பனியில போட்டேன், குபுகுபுன்னு புகை. நேத்து பார்த்துப் புகைத்தடை நாள், ஊர்ல யாரும் புகை விடக் கூடாது. அடுத்த வீட்டுக்காரி தீயணைப்புக்குச் சொல்லிட்டா.

தலைக்கவசம் போட்டு முதல்ல இறங்கினது நம்ம கறிக்கடை நோல்பெர்த்தோ, அவனும் தீயணைப்புத் தொண்டன்தானே.

"தோரிபியோ அண்ணே, தீ எங்கே?"

"அணைஞ்சுடுச்சு."

"அப்ப ஏன் குதிக்கிறீங்க?"

"குளிருதுப்பா."

வந்ததுதான் வந்தோம்னு உள்ளே வந்து அடுப்புக்குப் பின்னால கையை விட்டான். காத்துக்குழாயிலேர்ந்து கருப்பா ஒண்ணை உருவினான்.

"இது யாரோடது?"

"நான் துவைக்கிற காலுறை எனக்குத் தெரியாதா?"ன்னா உங்கம்மா. "மூணு வாரமா ஜோடியைத் தேடிட்டிருக்கேன்."

"குழாய் வழியா குளிர்காத்து வந்துச்சு"ன்னேன். "காத்தை அடைச்சாத்தானே தீ விடியுற வரைக்கும் நிக்கும்?"

"அது விறகுக்கு அண்ணே. இது மூச்சு விட்டாத்தான் எரியும். வாயைப் பொத்திட்டு ஏன் இருமுறேன்னு கேட்டா எப்படி?"

அப்புறம் ஆறு தீயணைப்புத் தொண்டர்கள் மண்டி போட்டு அடுப்பைத் துடைச்சாங்க. கிண்ணத்து ஓட்டையையெல்லாம் நோல்பெர்த்தோ கறிக் கம்பியால குத்தி எடுத்தான். கதவோரம் காத்து புகாம அடைக்கிற கயிறு இறுக்கமா இருக்கான்னு பார்த்தாங்க. ஈரச் செய்தித்தாளைச் சாம்பல்ல தொட்டுக் கண்ணாடியைத் தேய்ச்சாங்க. உங்கம்மா சோப்பைப்பியா அப்பம் பொரிச்சுப் போட, மாத்தே இலைக் கஷாயக் கிண்ணம் சுத்திச் சுத்தி வர, ரெண்டு மணிக்குத்தான் கிளம்பினாங்க. அதுவரைக்கும் ஊர்ல வேற எங்கேயும் தீப்பிடிக்கல.

இப்போது தீ தெளிவாக எரிகிறது. வீட்டில் புகையே இல்லை. பொரித்த எண்ணெய் வாசம்தான். பயப்படாமல் வா. மாப்பிள்ளைக்கு என் அன்பு, பேரனுக்கு ரெண்டு கன்னத்திலும் முத்தம். கடவுள் உங்களைக் குளிர் படாமல் காக்கட்டும்.

இப்படிக்கு,
அப்பா

பின்குறிப்பு: அம்மா நச்சரித்தாள் என்று எழுதியது பொய். அவள், அடுப்புத் தெரிந்த ஆள் வந்து பார்க்கட்டும் என்று மட்டும் சொன்னாள். எனக்குத்தான் பொறுக்கவில்லை. போன ஜூலையில் பையனை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோமே, "வீட்டுல என்ன எரிக்கிறீங்க?"ன்னு டாக்டர் கேட்டார். "ஊரே புகைதான் டாக்டர்"னு சொன்னேன். நீயும் பக்கத்துல நின்னு தலையாட்டினே. அன்னிக்கு நான் எரிச்சது ஈர விறகு, ஈரம்னு தெரிஞ்சேதான் போட்டேன்னு சொல்லல.